பழைய லேப்டாப்பில் எஸ்எஸ்டி: வாங்கும் முன்பும் மாட்டிய பின்பும்

நிமிடத்துக்கு 5400 சுற்று வேகத்தில் ஓடும் லேப்டாப் ஹார்ட் டிஸ்க்கில் தகடு ஒரு சுற்று முடிக்க 11.1 மில்லிசெகண்ட் ஆகிறது. வேண்டிய இடம் தலைக்குக் கீழே வந்து சேரச் சராசரியாக அதில் பாதி, அதாவது 5.6 மில்லிசெகண்ட். அதற்கு முன்னால் தலை சரியான தடத்துக்கு நகர இன்னொரு 12 மில்லிசெகண்ட் போகும். கூட்டிப் பார்த்தால், சிதறிக் கிடக்கும் சின்னக் கோப்புகளை வினாடிக்கு 60 முறைகூடத் தொட முடியாது. ஒரு முறைக்கு 4 கிலோபைட் என்று வைத்தால், வினாடிக்குக் கால் மெகாபைட்தான். விண்டோஸ் எழுந்திருக்கும்போதும் பிரவுசர் திறக்கும்போதும் நடப்பது பெரும்பாலும் இந்த வகை வேலைதான். சுழலும் தகடு இல்லாமல் சிப்புகளில் சேமிக்கும் எஸ்எஸ்டியில் அதே வேலைக்கு 0.1 மில்லிசெகண்ட் அளவுதான் பிடிக்கும்.

இதிலிருந்து ஒரு விஷயம் தெளிவாகிறது. பழைய லேப்டாப்புக்குக் கிடைக்கும் பயன் முழுக்க இந்தக் காத்திருப்பு குறைவதில்தான் இருக்கிறது. டப்பாவின் மேல் பெரிய எழுத்தில் இருக்கும் '550 எம்பி' பெரிய கோப்பை நேர்கோட்டில் ஒரு வினாடியில் படிக்கும் வேகம். சாட்டா 2 போர்ட் (டிஸ்க்கை இணைக்கும் வாயிலின் இரண்டாம் தலைமுறை) உள்ள இயந்திரத்தில் அது 270–280ஐத் தாண்டவே தாண்டாது. ஆனாலும் அந்த இயந்திரமும் மாற்றத்துக்குப் பின் வேறு இயந்திரம் போல ஓடும். ஆகவே தேர்வில் பார்க்க வேண்டியவை வேறு: பொருந்துமா, உள்ளே டிராம் என்ற வேகமான நினைவகச் சிப் உண்டா, கேபிள் தாங்குமா.

ஒரு நிபந்தனை மட்டும். ரேம் 4 ஜிபிக்குக் குறைவாக இருந்தால் முதலில் ரேமைக் கூட்டுங்கள். 2 ஜிபியில் பிரவுசர் ஓடினால் நாள் முழுக்க ஸ்வாப்தான், அதாவது ரேமில் இடமில்லாமல் டிஸ்க்குக்குப் போய் வருவதுதான், நடக்கும். எஸ்எஸ்டி அந்த வலியைக் குறைக்கும், தீர்க்காது.

எந்தப் போர்ட், எந்த உயரம்

சாட்டாவின் மூன்று தலைமுறைகள் வினாடிக்கு 1.5, 3, 6 கிகாபிட். ஒவ்வொரு 8 பிட்டும் கம்பியில் 10 பிட்டாகப் போவதால் உச்ச வரம்பு முறையே 150, 300, 600 எம்பி. இன்டெல் 6 வரிசை சிப்செட்டில், அதாவது 2011இல் வந்த சாண்டி பிரிட்ஜ் காலத்து இயந்திரங்களில், 0, 1 என்ற இரண்டு போர்ட்டுகள் மட்டுமே 6 கிகாபிட். மற்றவை 3. டிவிடி டிரைவ் பெரும்பாலும் அந்த மெதுவான போர்ட்டில்தான் மாட்டப்பட்டிருக்கும். எனவே டிவிடி டிரைவைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் இரண்டாவது டிஸ்க்கைப் பிடிக்கும் கேடி என்ற சட்டத்தைப் போடுவதாக இருந்தால், எஸ்எஸ்டி எப்போதும் உள்ளிருக்கும் பிரதான இடத்துக்குப் போகட்டும், பழைய ஹார்ட் டிஸ்க் கேடிக்குப் போகட்டும். இதே சிப்செட்டின் முதல் தொகுப்பில் 3 கிகாபிட் போர்ட்டுகள் நாளாக ஆகத் தேயும் குறை இருந்ததை இன்டெல் 2011 ஜனவரியில் அறிவித்துத் திருத்திய சிப்பைக் கொண்டுவந்தது. அந்தக் காலத்து லேப்டாப்பில் கேடி டிஸ்க் அடிக்கடி காணாமல் போனால் இந்தக் காரணத்தையும் மனதில் வையுங்கள். கேடி வாங்கும்போது டிவிடி டிரைவின் தடிமனை அளந்துகொள்ளுங்கள். 9.5, 12.7 மில்லிமீட்டர் என இரண்டு அளவு உண்டு, ஒன்றுக்கு ஒன்று மாறாது.

2.5 அங்குல டிஸ்க்கின் நீளம் 100, அகலம் 69.85 மில்லிமீட்டர். உயரத்தில்தான் வேறுபாடு. பழைய ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் 9.5, இன்றைய சாட்டா எஸ்எஸ்டி 7. பெரிய இடத்தில் சின்னது போவதால் ஆபத்தில்லை, ஆனால் ஆடும். 2.5 மில்லிமீட்டர் ஸ்பேசர் சட்டம் ஒட்டும்போது அதை மேல்பக்கம் ஒட்ட வேண்டும். சாட்டா கனெக்டரின் உயரம் டிஸ்க்கின் அடிப்பகுதியிலிருந்து கணக்கிடப்பட்டது. கீழே ஒட்டினால் கனெக்டர் 2.5 மில்லிமீட்டர் மேலேறிவிடும், அழுத்தித் தள்ளினால் போர்டில் உள்ள பற்கள் வளையும். லேப்டாப்பில் டிஸ்க்கைப் பிடிக்கும் சட்டத்தில் நான்கு ஸ்க்ரூவும் சரியாகப் பிடித்தால் ஸ்பேசரே தேவையில்லை.

2011 முதல் 2013 வரை வந்த பல லேப்டாப்புகளில் எம்சாட்டா இடம், அதாவது சின்ன அட்டை வடிவ எஸ்எஸ்டிக்கான இடம், உண்டு. வைஃபை அட்டை மாட்டும் மினி பிசிஐ எக்ஸ்பிரஸ் இடமும் அதுவும் கண்ணுக்கு ஒன்றேபோல் இருக்கும். சாட்டா கம்பி இழுக்கப்பட்டிருக்கிறதா என்பதை சர்வீஸ் மேனுவலில்தான் உறுதி செய்ய முடியும். பல மாடல்களில் இந்த இடம் 3 கிகாபிட்டோடு நின்றுவிடும்.

அதற்குப் பின் வந்த அட்டை வடிவமான எம்.2 இடம் இருந்தால், அது சாட்டாவா, பிசிஐ எக்ஸ்பிரஸ் வழியே பேசும் என்விஎம்இயா என்பதை வாங்கும் முன்பே முடிவாகத் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டு வெட்டு உள்ள அட்டை பெரும்பாலும் சாட்டா, 'எம்' எனப்படும் ஒரே வெட்டு மட்டும் இருந்தால் பெரும்பாலும் என்விஎம்இ. இடத்தில் பொருந்துவதால் மட்டும் வேலை செய்யாது. இயந்திரம் எழும்போது முதலில் ஓடும் மென்பொருளான பயாஸ் பழையதாக இருந்தால், அதில் என்விஎம்இயிலிருந்து பூட் செய்யும் பகுதியே கிடையாது. லினக்ஸ் உள்ளே போனபின் டிஸ்க் தெரியும், ஆனால் அதிலிருந்து எழுந்திருக்காது. நீளம் 2242, 2260, 2280 என்று மில்லிமீட்டரில் எழுதியிருக்கும். முதல் இரண்டு எண்கள் அகலம், மற்றவை நீளம்.

சாட்டாவுக்கு முந்தைய, 44 ஊசி ஐடிஇ டிஸ்க் உள்ள மிகப் பழைய இயந்திரத்துக்கு எம்சாட்டாவை ஐடிஇயாக மாற்றும் அடாப்டர் கிடைக்கும். அங்கே உச்ச வேகம் 100 எம்பி. 28 பிட் முகவரி மட்டும் தெரிந்த பயாஸ் 137 ஜிபிக்கு மேல் பார்க்காது, அதனால் 120 அல்லது 128 ஜிபியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

டிராம் உள்ளதை வாங்குங்கள்

எஸ்எஸ்டிக்குள் எந்த முகவரி எந்தச் சிப்பில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்ற அட்டவணை ஓயாமல் மாறிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு 4 கிலோபைட்டுக்கும் 4 பைட் குறிப்பு என்றால், 1 டிபி டிஸ்க்குக்கு ஏறத்தாழ 1 ஜிபி அட்டவணை. டிராம் சிப் இருந்தால் இந்த அட்டவணை முழுக்க அதில் இருக்கும். இல்லையென்றால் ஒரு துண்டு மட்டும் எஸ்எஸ்டியை இயக்கும் கன்ட்ரோலர் சிப்புக்குள் இருக்கும், மற்றதை ஒவ்வொரு முறையும் தரவு சேமிக்கும் மெதுவான நேண்ட் சிப்பிலிருந்தே படித்து வர வேண்டும்.

என்விஎம்இ டிஸ்க்கில் டிராம் இல்லாவிட்டால் கம்ப்யூட்டரின் ரேமில் கொஞ்சம் கடன் வாங்கிக்கொள்ளும் வசதி இருக்கிறது. சாட்டாவில் அந்த வசதி கிடையாது. இதைப் பலர் கவனிப்பதில்லை. டிராம் இல்லாத என்விஎம்இ நன்றாக ஓடுகிறதே என்று நம்பி டிராம் இல்லாத சாட்டாவை வாங்கினால், புதிதில் வேகமாகவும் முக்கால்வாசி நிறைந்தபின் திக்கித் திக்கியும் ஓடும். விண்டோஸ் அப்டேட் நடக்கும்போது மவுஸ்கூட நின்று நின்று நகரும்.

சாம்சங் 870 ஈவோ, குரூஷியல் எம்எக்ஸ்500 இரண்டிலும் டிராம் உண்டு. குரூஷியல் பிஎக்ஸ்500, கிங்ஸ்டன் ஏ400, டபிள்யூடி கிரீன் ஆகியவற்றில் கிடையாது. பின்னவை உதவாதவை என்று சொல்லவில்லை. பாதி காலியாக வைத்துக்கொண்டு, கட்டுரை எழுதுவதும் இணையத்தில் படிப்பதுமாக மட்டும் ஓடும் லேப்டாப்புக்கு அவையும் ஹார்ட் டிஸ்க்கைவிடப் பல மடங்கு மேல். ஆனால் இரண்டுக்கும் விலை நெருக்கமாக இருந்தால் யோசிக்காமல் டிராம் உள்ளதை எடுங்கள்.

அடுத்தது, சிப்பில் பிட்டுகளைத் தேக்கும் செல்லின் வகை. டிஎல்சி ஒரு செல்லில் 3 பிட், கியூஎல்சி 4 பிட். எல்லாவற்றிலும் முன்னால் ஒரு வேகமான தற்காலிகப் பகுதி இருக்கும். அது நிறைந்தபின் தெரியும் வேகம்தான் உண்மையான வேகம். சாம்சங் 870 கியூவோ 1 டிபியில் அந்தப் பகுதி 42 ஜிபி வரை விரியும். அதைத் தாண்டினால் எழுதும் வேகம் 80 எம்பிக்கு இறங்கிவிடும், அது ஹார்ட் டிஸ்க் வேகம்தான். படங்களும் பாட்டும் சேர்த்து வைக்கும் இரண்டாவது டிஸ்க்குக்கு கியூஎல்சி போதும். விண்டோஸ் இருக்கும் ஒரே டிஸ்க்குக்கு டிஎல்சிதான் சரி.

ஆயுளைப் பற்றிய பயம் பெரும்பாலும் தேவையற்றது. 870 ஈவோ 500 ஜிபிக்கு உத்தரவாதம் தரும் எழுத்து அளவு 300 டிபி, எம்எக்ஸ்500 500 ஜிபிக்கு 180 டிபி. ஒரு நாளைக்கு 20 ஜிபி எழுதினால் ஆண்டுக்கு 7.3 டிபி. 180 டிபி தீர 24 ஆண்டு ஆகும், லேப்டாப்பின் கீல் அதற்கு முன்பே போய்விடும். எழுத்தைக் குறைக்கிறேன் என்று ஸ்வாப்பை அணைப்பது, பிரவுசர் தற்காலிகக் கோப்புகளை ரேமுக்கு மாற்றுவது போன்ற பழைய அறிவுரைகளை விட்டுவிடுங்கள். ரேம் குறைந்த இயந்திரத்தில் ஸ்வாப்பை அணைத்தால் புரோகிராம்கள்தான் செத்துப்போகும்.

கொள்ளளவுக்கு 480 அல்லது 500 ஜிபி நல்ல இடம். 120 ஜிபி டிஸ்க்குகளில் சிப்புகள் குறைவு, ஒரே நேரத்தில் எழுதும் வழிகளும் குறைவு, விண்டோஸ் அப்டேட்டுகளே அதைச் சீக்கிரம் நிறைத்துவிடும்.

கைமாறிய எஸ்எஸ்டி வாங்குவதானால், டிஸ்க்குக்குள்ளேயே ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேரின் வரலாறு தெரிந்திருக்க வேண்டும். குரூஷியல் எம்4 டிஸ்க் 5184 மணி நேரம் ஓடியபின் ஒவ்வொரு மணி நேரமும் தொங்கிவிடும். 2012 ஜனவரியில் வந்த 0309 ஃபர்ம்வேர் அதைச் சரிசெய்தது. இன்டெல் 320 மின்தடைக்குப் பின் தன்னை 8 எம்பி டிஸ்க் என்று காட்டிக்கொண்டது 2011இல். சாம்சங் 840 ஈவோவில் மாதக்கணக்கில் தொடாத கோப்புகளைப் படிக்கும் வேகம் சரிந்தது. 2014 அக்டோபரில் ஒரு திருத்தம், அது போதாமல் 2015இல் இன்னொன்று. இவை எல்லாம் திருத்தத்துக்குப் பின் நல்ல டிஸ்க்குகள்தான். ஆனால் பழைய ஃபர்ம்வேரோடு யாரிடமோ தூங்கிக்கொண்டிருந்த டிஸ்க் அப்படியே கைக்கு வரும். மாட்டியதும் முதல் வேலை ஃபர்ம்வேர் எண்ணைப் பார்ப்பது.

பெயர் தெரியாத டிஸ்க்கில் பெரிய கொள்ளளவு மலிவாகக் கிடைத்தால் எஃப்3 அல்லது எச்2டெஸ்ட்டபிள்யூ கொண்டு முழுக்க எழுதித் திரும்பப் படித்துப் பாருங்கள். போலி டிஸ்க் பெரிய எண்ணைக் காட்டும், ஆனால் உண்மையான சிப் தீர்ந்ததும் பழையதன் மேலேயே எழுதும்.

பழைய டிஸ்க்கிலிருந்து நகல்

நகல் எடுக்கும் முன் டிஸ்க் தன் நலத்தைத் தானே பதிவு செய்யும் ஸ்மார்ட் விவரத்தில், பழைய டிஸ்க்கின் பழுதான இடங்களைக் காட்டும் 5, 197, 198 ஆகிய மூன்று எண்களைப் பாருங்கள். மூன்றும் சுழியமாக இருந்தால் குளோன்ஸில்லா என்ற நகல் மென்பொருள் போதும். ஒன்றாவது ஏறியிருந்தால் சாதாரண நகல் கருவி பழுதான இடத்திலேயே மணிக்கணக்கில் முட்டிக்கொண்டு நிற்கும், அதற்குள் தலையே போய்விடலாம். அங்கே ஜிஎன்யு டிடிரெஸ்க்யூதான் வழி. முதல் ஓட்டத்தில் சுரண்டும் கட்டத்தைத் தவிர்க்கும் 'மைனஸ் என்' தேர்வோடு ஓடவிட்டால், நல்ல பகுதிகளை முதலில் அள்ளிவிடும். இரண்டாவது ஓட்டத்தில் 'மைனஸ் ஆர்3' கொடுத்து விட்ட இடங்களை மூன்று முறை முயலச் சொல்லுங்கள். மேப் கோப்பை வேறு டிஸ்க்கில் கட்டாயம் வையுங்கள். நடுவில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடர அதுதான் ஆதாரம்.

இப்போது அளவுச் சிக்கல். 500 ஜிபி ஹார்ட் டிஸ்க்கில் 97,67,73,168 செக்டர் (512 பைட் துண்டு). 480 ஜிபி எஸ்எஸ்டியில் 93,77,03,088. விண்டோஸ் காட்டும் கணக்கில் 465.8க்கும் 447.1க்கும் உள்ள வித்தியாசம். உள்ளே 180 ஜிபிதான் இருந்தாலும், பகுப்புகள் கடைசிச் செக்டர்வரை நீண்டிருந்தால் நகல் கருவி மறுத்துவிடும்.

சி டிரைவை டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் 30 ஜிபி சுருக்கினால் முடிந்தது என்று தோன்றும். பல லேப்டாப்புகளில் சி டிரைவுக்குப் பின்னால், டிஸ்க்கின் கடைசியில், தயாரிப்பாளரின் ரிக்கவரி பகுப்பு உட்கார்ந்திருக்கும். சி சுருங்கினாலும் அது இடம் மாறாது, காலி இடம் நடுவில்தான் உருவாகும். ஜிபார்ட்டெட் என்ற பகுப்பு மாற்றும் மென்பொருளை வைத்து ரிக்கவரி பகுப்பை முன்னால் நகர்த்துங்கள், அல்லது வேண்டாம் என்றால் நீக்கிவிடுங்கள். சுருக்கம் சில ஜிபியோடு நின்றுவிட்டால் காரணம் பேஜ்ஃபைல், ஹைபர்னேஷன் கோப்பு, ரெஸ்டோர் பாயிண்ட் ஆகிய நகராத கோப்புகள். மூன்றையும் தற்காலிகமாக அணைத்து, ரீஸ்டார்ட் செய்து, மீண்டும் சுருக்குங்கள்.

நகலுக்கு முன் செய்ய வேண்டியவை: செக்டிஸ்க் ஓட்டிப் பிழைகளைத் தீர்ப்பது, ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை அணைப்பது, பிட்லாக்கர் குறியாக்கம் இருந்தால் நீக்குவது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் அணைக்காவிட்டால் விண்டோஸ் பாதித் தூக்கத்தில் மூடிய நிலையில் கோப்பு முறைமை இருக்கும், குளோன்ஸில்லா அதைத் தொட மறுக்கும். குளோன்ஸில்லாவில் நிபுணர் முறைக்குப் போய், சேருமிட டிஸ்க்கின் அளவைச் சோதிக்காதே என்ற 'ஐசிடிஎஸ்' தேர்வைக் குறியுங்கள். பகுப்புகளை முன்பே சுருக்கி வைத்திருந்தால் மட்டும் இதைக் குறிக்க வேண்டும்.

நகல் முடிந்ததும் இரண்டு டிஸ்க்கும் மாட்டியபடி விண்டோஸைப் பூட் செய்யாதீர்கள். இரண்டுக்கும் டிஸ்க்கை அடையாளம் காட்டும் ஒரே கையொப்பம் இருப்பதால் விண்டோஸ் ஒன்றை ஆஃப்லைனில் தள்ளும் அல்லது கையொப்பத்தை மாற்றும். பிறகு எஸ்எஸ்டி தனியாக எழுந்திருக்காது.

எக்ஸ்பியில் முதன்முதலாகப் பிரித்த டிஸ்க்காக இருந்தால் நகலே வேண்டாம், புதிதாக நிறுவுங்கள். எக்ஸ்பி முதல் பகுப்பை 63ஆவது செக்டரில் தொடங்கும். அது 4 கிலோபைட் எல்லையில் விழாததால் எஸ்எஸ்டியில் ஒவ்வொரு சின்ன எழுத்தும் இரண்டு பக்கங்களைத் தொடும். விஸ்டா முதல் 1 எம்பியில் தொடங்குகிறது. விண்டோஸின் கணினித் தகவல் கருவியான எம்எஸ்இன்ஃபோ32இல் டிஸ்க் பகுதியில் பகுப்பின் தொடக்க எண்ணைப் பாருங்கள். 10,48,576 என்று இருந்தால் சரி. வேறு எண்ணாக இருந்தால் 4096ஆல் மீதமின்றி வகுபட வேண்டும்.

மாட்டுவது

சார்ஜரையும் பேட்டரியையும் கழற்றி, பவர் பட்டனைப் பத்துப் பதினைந்து செகண்ட் அழுத்திப் பிடியுங்கள். பேட்டரி உள்ளே இருக்கும் மாடலில் மூடியைத் திறந்ததும் முதலில் அதன் கனெக்டரைப் பிடுங்க வேண்டும். ஹார்ட் டிஸ்க்கைத் தூக்காமல், கனெக்டரிலிருந்து கிடைமட்டமாக இழுத்து எடுங்கள். சட்டத்தின் ஸ்க்ரூக்கள் எம்3 அளவு, 3 மில்லிமீட்டர் நீளம். நீளமான ஸ்க்ரூவைப் போட்டால் பிளாஸ்டிக் உடல் பிளக்கும், அல்லது நுனி உள்ளே போர்டைத் தொடும். சில லேப்டாப்புகளில் டிஸ்க்குக்கும் போர்டுக்கும் இடையே தாள் போல மெல்லிய நெகிழ் கேபிள் இருக்கும். அதன் மடிப்பில் விரிசல், வெள்ளைக் கோடு, கூர்மையான வளைவு ஏதாவது தெரிகிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். எஸ்எஸ்டி போட்டபின் வரும் தொல்லைகளில் பெரும்பங்கு அந்தக் கேபிளிலிருந்துதான் வரும்.

பயாஸில் சாட்டா முறை ஐடிஇ என்று இருந்தால் ஏஎச்சிஐக்கு மாற்ற வேண்டும். ஐடிஇயில் ஒரே நேரத்தில் பல கோரிக்கைகளை வரிசையில் போடும் வசதி வேலை செய்யாது, எஸ்எஸ்டியின் பலமே அதுதான். நேரடியாக மாற்றினால் விண்டோஸ் நீலத் திரையில் விழும். விண்டோஸ் 8, 10இல் சுலபமான வழி இருக்கிறது: எம்எஸ்கான்ஃபிக்கில் பூட் தாவலில் சேஃப் பூட்டைக் குறித்து ரீஸ்டார்ட் செய்யுங்கள், அப்போதே பயாஸுக்குள் போய் ஏஎச்சிஐ ஆக்குங்கள், சேஃப் மோடில் விண்டோஸ் தானே டிரைவரைச் சேர்த்துக்கொள்ளும், பிறகு குறியை எடுத்துவிடுங்கள். விண்டோஸ் 7இல் ரெஜிஸ்ட்ரியில் சர்வீசஸ் கீழ் எம்எஸ்ஏஎச்சிஐ என்ற இடத்தில் ஸ்டார்ட் மதிப்பை 0 ஆக்கிவிட்டு அதன் பின் பயாஸை மாற்ற வேண்டும்.

வேகம் ஒத்துக்கொண்டதா

முதல் பூட் ஆனதும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் டிரான்ஸ்ஃபர் மோட் என்ற வரியைப் பாருங்கள். இடப்பக்கம் இப்போது ஓடும் வேகம், வலப்பக்கம் டிஸ்க்கின் திறன். '300 | 600' என்றால் 3 கிகாபிட்டில் ஓடுகிறது. பழைய சிப்செட்டில் அது இயல்பு, கவலை வேண்டாம். '150 | 600' என்று இருந்தால் விசாரிக்க வேண்டும். என்விடியா எம்சிபி79 சிப்செட் உள்ள 2008–2009 காலத்து லேப்டாப்புகள் சில 6 கிகாபிட் எஸ்எஸ்டிகளோடு 1.5க்கே இறங்கிப் பேசும். அங்கே டிஸ்க்கை மாற்றிப் பார்ப்பதைத் தவிர வழி குறைவு. லினக்ஸில் கெர்னல் பதிவில் 'சாட்டா லிங்க் அப்' என்ற வரியில் இதே எண் இருக்கும்.

அடுத்துப் பார்க்க வேண்டியது ஸ்மார்ட் 199, சிஆர்சி பிழை எண்ணிக்கை. இந்த எண் ஒன்றைத்தான் மாதா மாதம் பார்க்கச் சொல்வோம். டிஸ்க்குக்கும் போர்டுக்கும் இடையே போன தரவு கம்பியில் சிதைந்து மறுமுறை அனுப்பப்பட்டது என்று அதற்குப் பொருள். சிப்புகளின் ஆரோக்கியத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. புதிதில் 0 இருந்து, ஒரு வாரத்தில் 40 ஆகியிருந்தால் கேபிள் அல்லது கனெக்டர் கெட்டிருக்கிறது. ஹார்ட் டிஸ்க்கோடு 3 கிகாபிட்டில் பல ஆண்டு தொல்லையில்லாமல் ஓடிய அதே கேபிள் 6 கிகாபிட்டில் தடுமாறும். சிக்னல் இரு மடங்கு வேகத்தில் போகும்போது சின்ன விரிசலும் பெரிதாகத் தெரியும். இதை அறியாமல் எஸ்எஸ்டி பழுது என்று திருப்பிக் கொடுப்பவர்கள் ஏராளம், மாற்றித் தந்த புது எஸ்எஸ்டியும் அதே கேபிளில் அதே தொல்லையைக் கொடுக்கும். கேபிளைக் கழற்றி மீண்டும் அழுத்தி மாட்டிப் பாருங்கள், எண் நிற்காவிட்டால் கேபிளை மாற்றுங்கள். கேபிள் கிடைக்காத மாடலில் லினக்ஸ் ஓடினால் 'லிபேட்டா.ஃபோர்ஸ்=3.0ஜி' என்ற கெர்னல் அளவுரு வேகத்தை 3 கிகாபிட்டில் கட்டிவைக்கும். அன்றாட வேலையில் வித்தியாசம் தெரியாது, பிழையும் நின்றுவிடும். 199இன் எண் பழையபடி குறையாது, ஏறாமல் நின்றால் போதும்.

இன்னொரு தொல்லை: இயந்திரம் சும்மா இருந்துவிட்டுத் தொட்டதும் அரை நிமிஷம் உறைந்து, பிறகு ஒன்றும் நடக்காததுபோல ஓடும். விண்டோஸ் நிகழ்வுப் பதிவில் 129 என்ற எண்ணோடு 'ஸ்டோர்ஏஎச்சிஐ' எச்சரிக்கை அந்த நேரத்தில் இருந்தால், டிஸ்க்கும் போர்ட்டும் மின்சேமிப்பு உறக்கத்திலிருந்து சேர்ந்து விழிக்கவில்லை என்று அர்த்தம். பவர் பிளானில் பிசிஐ எக்ஸ்பிரஸ் லிங்க் மின்சேமிப்பை மாற்றி ஏமாறாதீர்கள், வேண்டியது ஏஎச்சிஐ லிங்க் பவர் மேனேஜ்மென்ட். அது மறைந்திருக்கும், வெளிக்கொண்டுவந்து 'ஆக்டிவ்' என வையுங்கள். லினக்ஸில் அதற்கு இணையானது லிங்க் பவர் பாலிசியை 'மேக்ஸ் பெர்ஃபார்மென்ஸ்' ஆக்குவது. பேட்டரி நேரம் சற்றுக் குறையும். அரை நிமிஷக் கணக்கு தற்செயலானதல்ல: லினக்ஸ் ஒரு கட்டளைக்கு 30 செகண்ட் காத்திருந்துவிட்டுத்தான் போர்ட்டை ரீசெட் செய்யும்.

டிரிம், காலி இடம், எண்கள்

நேண்ட் சிப்பில் எழுதுவது பக்கம் பக்கமாக, அழிப்பது பல மெகாபைட் கொண்ட பிளாக் பிளாக்காக. கோப்பை நீங்கள் அழித்தது டிஸ்க்குக்குத் தெரியாவிட்டால், அந்தச் செத்த பக்கங்களையும் உயிரோடு இருப்பதாக எண்ணி ஒவ்வொரு முறையும் வேறிடத்துக்குச் சுமந்துகொண்டே இருக்கும். டிரிம் கட்டளை அந்தத் தகவலைச் சொல்கிறது. விண்டோஸ் 7 முதல் இது உண்டு. நிர்வாகி உரிமையில் எஃப்எஸ்யூட்டில் கொண்டு 'டிசேபிள்டெலீட்நோட்டிஃபை' மதிப்பைக் கேளுங்கள். 0 வந்தால் டிரிம் ஓடுகிறது. லினக்ஸில் வாரம் ஒருமுறை ஓடும் எஃப்எஸ்டிரிம் டைமர் போதும். மவுண்ட் தேர்வில் 'டிஸ்கார்ட்' சேர்க்க வேண்டியதில்லை. லினக்ஸின் லக்ஸ் குறியாக்கம் இருந்தால் 'அலவ் டிஸ்கார்ட்ஸ்' என்று தனியாக அனுமதி தராதவரை டிரிம் கீழே போகாது. மேக்கில் 2015இல் வந்த 10.10.4 முதல் 'டிரிம்ஃபோர்ஸ்' கட்டளை உண்டு.

விண்டோஸ் 8 முதல் 'ஆப்டிமைஸ் டிரைவ்ஸ்' எஸ்எஸ்டியை அடையாளம் கண்டு டிரிம்மைத் திரும்ப அனுப்பும். அந்த வாராந்திர அட்டவணையை அணைக்காதீர்கள். வேறு டிஃப்ராக் மென்பொருள் எதையும் ஓட்டாதீர்கள்.

10 முதல் 15 சதவீதம் எப்போதும் காலியாக விடுங்கள். டிராம் இல்லாத டிஸ்க்கில் 25 சதவீதம்வரை விட்டால் வேறுபாடு கண்ணுக்கே தெரியும். டிரிம் இல்லாமல் பல காலம் ஓடித் தளர்ந்த டிஸ்க்கை மீட்க ஏடிஏ செக்யூர் இரேஸ் இருக்கிறது: லினக்ஸ் யூஎஸ்பியில் பூட் செய்து எச்டிபார்ம் வழியாகத் தற்காலிகக் கடவுச்சொல் வைத்து அழிக்கும் கட்டளை. 'ஃப்ரோசன்' என்று காட்டினால் லேப்டாப்பை ஒருமுறை உறங்கவைத்து எழுப்புங்கள், பூட்டு விலகும். யூஎஸ்பி அடாப்டர் வழியாக இதைச் செய்யாதீர்கள். நடுவில் அறுந்தால் டிஸ்க் கடவுச்சொல்லோடு பூட்டிக்கொள்ளும்.

தேய்மானம் காட்டும் எண் ஒவ்வொரு தயாரிப்பாளருக்கும் வேறு. சாம்சங்கில் 177, குரூஷியலில் 202, கிங்ஸ்டனில் 231. எழுதிய மொத்த அளவுக்கு சாம்சங்கின் 241ஐ 512ஆல் பெருக்க வேண்டும். 19,53,12,50,000 என்று இருந்தால் சரியாக 10 டிபி. வேறு சில டிஸ்க்குகள் ஜிபி கணக்கிலேயே எழுதும், எனவே பெருக்கும் முன் கையேட்டைப் பாருங்கள். எம்எக்ஸ்500இல் 197 சில நேரம் 1 ஆகித் தானே 0க்குத் திரும்பும். அது ஃபர்ம்வேரின் குணம், டிஸ்க் சாகிறது என்று அர்த்தமில்லை. 5, திருத்த முடியாத பிழைகளைக் காட்டும் 187 இரண்டும் ஏறிக்கொண்டே போனால் மட்டும் காப்புப் பிரதியைப் புதுப்பித்துவிட்டு மாற்று டிஸ்க்குக்கு ஏற்பாடு செய்யுங்கள்.

மின்சாரம் அறுந்தால்

பழைய லேப்டாப்பில் எஸ்எஸ்டிக்கு உண்மையான எதிரி செத்த பேட்டரி. சார்ஜர் கம்பி லேசாக இழுபட்டாலும் இயந்திரம் அணைந்துவிடும். அந்தக் கணம் முகவரி அட்டவணை பாதி எழுதிய நிலையில் இருக்கலாம். குரூஷியல் டிஸ்க்கில் 174 என்ற எண் எதிர்பாராத மின்துண்டிப்பைக் கணக்கு வைக்கும். அது மாதாமாதம் ஏறினால் பேட்டரியை மாற்றுங்கள், எஸ்எஸ்டிக்குச் செய்யும் பராமரிப்பில் முக்கியமானது அதுதான். விண்டோஸில் டிஸ்க்கின் பாலிசி பக்கத்தில் 'ரைட் கேஷ் பஃபர் ஃபிளஷிங்கை அணை' என்ற குறியை ஒருபோதும் போடாதீர்கள்.

பெட்டியில் போட்டு மறந்துவிடும் சேமிப்புக்கு எஸ்எஸ்டி ஏற்றதல்ல. சிப்புகளுக்குத் தரம் வகுக்கும் அமைப்பான ஜெடெக்கின் ஜேஇஎஸ்டி218 தரம், சாதாரணப் பயனர் டிஸ்க் தன் எழுத்து ஆயுள் முடிந்த நிலையில், மின்சாரமில்லாமல், 30 டிகிரி வெப்பத்தில் ஓராண்டு தரவைத் தாங்கினால் போதும் என்கிறது. புதுசு அதைவிட நீண்ட நாள் தாங்கும். ஆனால் தேய்ந்த டிஸ்க்கைச் சூடான அலமாரியில் வைக்காதீர்கள்.

மின்துண்டிப்புக்குப் பின் பயாஸில் எஸ்எஸ்டி அடியோடு காணாமல் போனால் உடனே கைவிட வேண்டாம். லேப்டாப்பை பயாஸ் அமைப்புத் திரையில் சார்ஜரோடு விட்டுவிடுங்கள். அங்கே டிஸ்க்குக்கு மின்சாரம் போகும், படிக்கவோ எழுதவோ யாரும் கேட்கமாட்டார்கள், உள்ளிருக்கும் கன்ட்ரோலர் அட்டவணையைத் திரும்பக் கட்டிக்கொள்ள நேரம் கிடைக்கும். அரை மணி நேரம் கழித்து முழுக்க அணைத்து, அரை நிமிஷம் விட்டு, மறுபடி அரை மணி நேரம். டிஸ்க் தெரிய ஆரம்பித்தால் விண்டோஸுக்குள் போகாமல் லினக்ஸ் யூஎஸ்பியில் எழுப்பி முதலில் கோப்புகளை வெளியே எடுங்கள். ஃபர்ம்வேர் புதுப்பிப்பு அதற்குப் பிறகு.